எந்த மதகு முதலில்

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம் நான். கேஸ் அடுப்பை அணைத்ததைப் போனில் படம் எடுத்துக்கொண்டுதான் கல்லூரிக்குக் கிளம்புவேன். வழியில் வண்டியை நிறுத்தி அந்தப் படத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வேன். நேற்று எடுத்த படமோ என்று சந்தேகம் வந்தால் தேதியையும் பார்ப்பேன். இப்படிப்பட்டவள் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். காஞ்சிபுரம் போகிற வழியில் ஒரு தனியார் கல்லூரி. உத்திரமேரூர் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து தினமும் ஏரிக்கரை வழியாகத்தான் ஸ்கூட்டியில் போய் வருகிறேன்.

மூன்றாமாண்டுப் பாடத்தில் சிறப்புச் சார்பியல் வரும். அந்த அலகு நெருங்கினாலே பாடக்குறிப்பைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்ப்பேன். கணக்கு வராமல் இல்லை. கணக்கு வந்துவிடும், சூத்திரம் கைவசம் இருக்கிறது. அதற்கு மேல் யாராவது ஒரு கேள்வி கேட்டால் என்ன செய்வது என்பதுதான் என் பயம்.

கேள்வி எப்போதும் கழியும் கொட்டகையும் வரும் இடத்தில்தான் வரும். இருபது அடி நீளத்துக்கு ஒரு சவுக்குக் கழி. பத்தடி நீளத்துக்கு ஒரு கொட்டகை, முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. கழியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவன் கொட்டகைக்குள் ஓடி வருகிறான். ஒளியின் வேகத்தில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு வேகம். அந்த வேகத்தில் போகிற பொருள், போகிற திசையில் குறுகும். ஆகவே கொட்டகைக்காரனின் அளவுக்கு அந்தக் கழி பத்தடிதான். சரியான நேரம் பார்த்து இரண்டு கதவையும் ஒரே சமயத்தில் மூடித் திறந்தால், அந்த ஒரு கணம் கழி முழுக்க உள்ளே இருக்கும். இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. ஓடுகிறவனைக் கேட்டால்தான் வம்பு. அவனைப் பொறுத்தவரை கழி அவன் தோளில் சும்மா கிடக்கிறது, கொட்டகைதான் அவனை நோக்கிப் பாய்ந்து வருகிறது. அதனால் குறுகுவது கொட்டகை, அது வெறும் ஐந்தடி. ஐந்தடிக் கொட்டகைக்குள் இருபதடிக் கழி எப்படி அடங்கும்?

இருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் விடை. கொட்டகைக்காரனுக்கு இரண்டு கதவும் ஒரே சமயத்தில் மூடின. ஓடுகிறவனுக்கு அப்படி இல்லை. அவன் கணக்கில் வெளியே போகும் கதவு முதலில் மூடித் திறந்துவிட்டது. கழியின் தலை அந்த வழியாக வெளியேறியது. பிறகு கழியின் வால் உள்ளே நுழைந்ததும்தான் மற்ற கதவு மூடியது. ஒன்றுக்கொன்று தூரத்தில் இருக்கும் இரண்டு சம்பவங்கள் ஒரே சமயத்தில் நடந்தனவா என்பது பார்க்கிறவர் எப்படி நகர்கிறார் என்பதைப் பொறுத்தது. இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன்.

முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். ஏரியின் மேற்குப் பக்கம், எங்கள் ஊர்ப் பெண்தான்.

"அதெல்லாம் சரி மேடம். நெஜமா எந்தக் கதவு முன்ன மூடுச்சி?"

"நெஜம்னு தனியா ஒண்ணு இல்ல" என்றேன். எனக்கே அது திருப்தியாக இல்லை. அவள் முகத்திலும் இல்லை. "நாளைக்குக் காலைல குரூப்ல வாய்ஸ் மெசேஜ் போடறேன், தெளிவா சொல்றேன்" என்று மணி அடிக்கும் வரை சமாளித்தேன். அன்று சாயங்காலம் முழுக்க நிஜம், நிஜம் என்று அந்தக் கேள்விதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் எங்கள் ஏரி திறக்கிற நாள். தை பிறந்து, நவரைப் பட்டத்துக்கு நாற்று தயாராக இருந்தது.

எங்கள் ஏரிக்கு இரண்டு மதகு. கரையின் மேற்குக் கோடியில் ஒன்று, அது எங்கள் ஊர் நிலங்களுக்கு. கிழக்குக் கோடியில் ஒன்று, அது அடுத்த ஊருக்கும் கரையோரக் குடியிருப்பில் சிலர் விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு ஓட்டும் துண்டு நிலங்களுக்கும். இரண்டுக்கும் இடையே இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முதல் தண்ணீரை இரண்டு மதகும் ஒரே சமயத்தில் திறக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். யார் முந்திக்கொண்டாலும், கடைசியில் ஏரி வற்றி, இரு பக்கமும் மாறி மாறிப் பாய்ச்சும் முறைப்பாசனம் வரும்போது அவர்கள் பக்கத்துக்கு இரண்டாவது முறைதான். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் இரண்டாவது முறை என்றால் பாதி பதர்தான்.

ஒரே சமயத்தில் திறப்பதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கரையின் சரிபாதியில் முதலில் ஒரு வேட்டு போடுவார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் இரண்டு மதகுக்காரர்களும் தங்கள் வேட்டுக்குத் தீ வைக்க வேண்டும். இரண்டு வேட்டுக்கும் திரி ஒரே கயிற்றில், ஒரே அளவாக, முந்தின நாளே எல்லோர் முன்னிலையிலும் வெட்டித் தரப்படும். தன் வேட்டு வெடிக்கும்போது மதகுக்காரர் சாவியைப் போட்டுத் திருகைச் சுற்றுவார். அதற்குள் கரையில் நிற்கிறவர்கள் மேளமும் சத்தமுமாகக் கிளம்பிவிடுவார்கள். ஆகவே மறுகோடி வேட்டு கூட்டத்தில் எவர் காதிலும் விழாது. நடுவில் வேட்டுப் போடுகிற பெரியவருக்குப் போட்டுப் போட்டே காது போய்விட்டது. ஒரு வருடம் இதெல்லாம் எதற்கு, போனில் சொல்லிக்கொள்ளலாமே என்று இளவட்டங்கள் கிளம்பினார்கள். கிழக்கு மதகில் சிக்னல் கிடைக்கவில்லை. மறு வருடமே வேட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

அன்று காலை வாய்ஸ் மெசேஜ் பேச வீட்டில் இடமில்லை. நைனா டிவியை ஊர் கேட்க வைத்திருந்தார். ஆகவே சீக்கிரமே கிளம்பி, கரையில் கிழக்கு மதகுக்குக் கொஞ்சம் முன்னால், கூட்டத்தை விட்டுத் தள்ளி, டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். போனை வாயருகே பிடித்துக்கொண்டு கழியையும் கொட்டகையையும் விளக்க ஆரம்பித்தேன். நடுக்கரையில் வேட்டுச் சத்தம் கேட்டது. பேச்சை நிறுத்தவில்லை. "ஒரே சமயத்தில்னு சொல்றோமே, அதுதான் பிரச்சினை" என்று சொல்லும்போது பக்கத்தில் கிழக்கு வேட்டு வெடித்தது. ஒரு வாக்கியம் போயிருக்கும். பிறகு தூரத்தில் மேற்கு வேட்டு. நான் மெசேஜை அனுப்பிவிட்டு, அனுப்பினேனா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, கல்லூரிக்குப் போனேன்.

மத்தியானத்துக்குள் வினை ஆரம்பித்துவிட்டது. முன்வரிசைப் பெண் அந்த மெசேஜை வீட்டில் போட்டுக் கேட்டிருக்கிறாள். அவள் அப்பா கழியையும் கொட்டகையையும் விட்டுவிட்டு வேட்டுகளை எண்ணியிருக்கிறார். அவர் கையிலிருந்து அது ஏரிப் பாசனக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. சாயங்காலம் நான் வண்டியை நிறுத்துவதற்குள் ஊராட்சி அலுவலகத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்துவிட்டது.

உள்ளே இருபது பேர் இருந்தார்கள். பாசன சங்கத் தலைவர் மேசைமேல் போனை வைத்து என் குரலை ஓடவிட்டார். என் குரலை நானே கேட்பது எனக்கு எப்போதும் கூச்சம். இருபது பேரோடு சேர்ந்து கேட்பது இன்னும் மோசம். நடுவேட்டு. கொஞ்சம் இடைவெளி. கிழக்கு வேட்டு. பிறகு மேற்கு வேட்டு.

"நீதான பேசிக்கினு இருந்த? இது நம்ம ஏரிக்கரதான?" என்றார் தலைவர்.

"ஆமாங்க."

"எது முன்ன வெடிச்சிச்சி? நீ காலேஜ்ல சயின்ஸ் சொல்லிக் குடுக்கறவ. உன் வாயால சொல்லு."

"கிழக்கு" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. கேட்டதைச் சொன்னேன், பொய் இல்லை. எங்கே நின்று கேட்டாய் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எப்போது வெளியே போவோம் என்றுதான் எனக்கு இருந்தது.

கிழக்கு மதகுக்காரர் வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். கரையோரக் குடியிருப்பில் இருக்கும் இருளர் வீட்டுக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர். அவருடைய அப்பாவும் அதே மதகில்தான் இருந்தார். உள்ளே இரண்டு நாற்காலி காலியாக இருந்தது. உட்காரச் சொல்லி அவரை யாரும் கூப்பிடவில்லை. மேற்கு மதகுக்காரர் எங்கள் தெருக்காரர், எனக்குப் பெரியப்பா முறை. அவர் சுவரோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் வாயைத் திறக்கவில்லை.

"இன்னாப்பா சொல்ற?" என்று தலைவர் வாசலைப் பார்த்துக் கேட்டார்.

கிழக்கு மதகுக்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் முந்தவில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். அவர் இடுப்பிலிருந்து மதகின் இரும்புச் சாவியை எடுத்து, படியில் வைத்துவிட்டு, நடந்து போய்விட்டார். தப்பு செய்யாதவன் ஒரு வார்த்தை பேசாமல் போவானா என்று உள்ளே ஒருவர் சொன்னார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கிழக்குப் பக்கத்துக்கு இரண்டாவது முறை என்று எழுதினார்கள். கிழக்கு மதகுக்கு வேறு ஆள் பார்ப்பது என்றும் முடிவானது. அந்தச் சாவி போனால் அறுவடையில் அவருக்கு வர வேண்டிய நெல் போகும். மழைக்காலத்தில் ஏரிக் காவலுக்குக் கொடுக்கிற கூலியும் போகும். குடும்பத்துக்கு வேறு பிடிமானம் இல்லை.

அன்று இரவு கதவுப் பூட்டை நாலு முறை இழுத்துப் பார்த்தேன். நான் சொன்னது உண்மைதானே என்று என்னையே பத்து தடவை கேட்டுக்கொண்டேன். உண்மைதான். பதிவே இருக்கிறது. பிறகு ஏன் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது என்று புரியவில்லை. எனக்குக் காரணமில்லாமலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து வகுப்பில் ஒருங்கு நிகழ்வை, அதாவது இரண்டு சம்பவங்கள் ஒரே சமயத்தில் நடப்பதை, தொடர்ந்தேன். ஓடுகிற ரயில் பெட்டியின் சரிநடுவில் ஒரு விளக்கு. விளக்கைப் போட்டால் ஒளி இரண்டு பக்கமும் கிளம்பி, பெட்டிக்குள் இருப்பவனுக்கு இரண்டு கோடியையும் ஒரே சமயத்தில் தொடும். பிளாட்பாரத்தில் நிற்பவனுக்கு அப்படி இல்லை, பின்கோடி ஒளியை எதிர்கொண்டு வருகிறது, அதைத்தான் ஒளி முதலில் தொடும். "பெட்டிக்குள்ள ஒரே சமயத்துல தொடும்னு எப்படிச் சொல்றோம்? விளக்கு சரிபாதியில் இருக்கறதால" என்று சொல்லிக்கொண்டே படம் வரைந்தேன். நீளமாக ஒரு பெட்டி. நடுவில் ஒரு புள்ளி. இரண்டு கோடியிலும் இரண்டு கோடு.

சாக்பீஸ் அப்படியே நின்றுவிட்டது. நான் வரைந்திருந்தது எங்கள் ஏரிக்கரை. நடுப்புள்ளி நடுவேட்டு, இரண்டு கோடு இரண்டு மதகு. அதில் நான் நின்ற டிரான்ஸ்பார்மர் எங்கே? நடுவில் இல்லை. கிழக்குக் கோட்டுக்குப் பக்கத்தில்.

"மேடம், தண்ணி வேணுமா?" என்றாள் அந்தப் பெண்.

வேண்டாம் என்று தலையாட்டினேன். பாடத்தை எப்படி முடித்தேன் என்று நினைவில்லை. ஓய்வறையில் உட்கார்ந்து போனில் அந்தப் பதிவை ஓடவிட்டேன். கிழக்கு வேட்டுக்கும் மேற்கு வேட்டுக்கும் மூன்றரை விநாடி இடைவெளி. திரும்பும்போது வண்டியின் மீட்டரை வைத்து அளந்தேன். நடுக்கரையிலிருந்து டிரான்ஸ்பார்மர் அறுநூறு மீட்டர். அங்கிருந்து கிழக்கு மதகு முந்நூறு, மேற்கு மதகு ஆயிரத்து ஐந்நூறு. மேற்கு வேட்டின் சத்தம் ஆயிரத்து இருநூறு மீட்டர் கூடுதலாக வர வேண்டும். சத்தம் விநாடிக்கு ஏறக்குறைய முந்நூற்று நாற்பது மீட்டர் போகும். வகுத்தால் மூன்றரை விநாடி. இரண்டு வேட்டும் ஒன்றாகத்தான் வெடித்திருக்கின்றன.

கரைமேலேயே வண்டியை நிறுத்திவிட்டு அழுதேன். இதில் சார்பியலே இல்லை. கழியும் கொட்டகையும் மனிதப் புத்திக்கு எட்டாதது, அதில் தடுமாறினால் மன்னிக்கலாம். ஒளி வந்து சேர்கிற நேரத்தைக் கழித்த பிறகும் இருவருக்குள் ஒத்துப்போகாது என்பதுதான் அங்கே அதிசயம். இங்கே சத்தம் வருகிற நேரத்தைக் கழித்தாலே போதும், எல்லோருக்கும் ஒரே விடை. எட்டாம் வகுப்புக் கணக்கு. மின்னல் முன்னால், இடி பின்னால் என்பது ஆடு மேய்க்கிறவருக்கும் தெரியும். எம்.எஸ்சி. படித்த நான் இருபது பேருக்கு முன்னால் நின்று, "கிழக்கு" என்று ஒரே வார்த்தையில் ஒரு மனிதரின் பிழைப்பை முடித்துவிட்டேன்.

வீட்டுக்குப் போய் நைனாவிடம் சொன்னேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"சரி வுடு. முடிஞ்சி போச்சி. மொத மொற நமக்கு வந்துச்சே, அது கெட்டதா?"

"நைனா, அவுரு தப்பே பண்ணல."

"தப்பு பண்ணாதவன் சாவிய ஏன் வெச்சிட்டுப் போனான்? நீ ஏன் சொம்மா பேஜார் பண்ணிக்கினு கீற?"

எனக்கு வந்த கோபத்தில் ரிமோட்டைப் பிடுங்கி டிவியை அணைத்தேன். நைனாவிடம் நான் அப்படி நடந்துகொண்டது அதுதான் முதல் தடவை. அவர் அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தார். அங்கேயே நின்றால் பயந்து திரும்பிவிடுவேன் என்று தெரிந்ததால் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே தலைவர் வீட்டுக்குப் போனேன்.

தலைவர் நான் காகிதத்தில் போட்ட கணக்கைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"இருவது பேரு முன்ன ஒண்ணு சொன்ன. இப்ப இன்னொண்ணு சொல்ற. யாராச்சும் வந்து உன்னாண்ட அழுதாங்களா?"

"யாரும் அழலங்க. நான் நின்ன எடம் தப்பு. நம்பலன்னா மறுபடியும் வேட்டு போட்டுப் பாருங்க. நீங்களே வந்து டிரான்ஸ்பார்மராண்ட நில்லுங்க. அப்புறம் நடுக்கரைல நில்லுங்க. ரெண்டு எடத்துலயும் ஒரே மாதிரி கேட்டுச்சின்னா, நான் ஊர் முன்ன மன்னிப்பு கேட்டுக்கறேன்."

அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். மிச்சமிருந்த வேட்டுகளைத் தீர்த்துவிடலாம் என்று தோன்றியதோ, இந்தப் பெண்ணுக்கு என்னதான் ஆயிற்று பார்ப்போம் என்று தோன்றியதோ, ஞாயிற்றுக்கிழமை காலை பார்க்கலாம் என்றார்.

அதற்குள் நான் கிழக்கு மதகுக்காரர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. குடியிருப்புக்குள் நான் அதற்கு முன் போனதே இல்லை. தினமும் அந்த வழியாகப் போகிறேன், வண்டியை நிறுத்தியதில்லை. அவர் வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அண்ணா, நான் தப்பா சொல்லிட்டேன். ஞாயித்துக்கெயமை நீங்க வந்து வேட்டு போடணும்."

"வேணாம்மா."

"நீங்க முந்தல. எனக்குத் தெரியும்."

"வுட்டுடும்மா. வேற எவனாச்சும் வெச்சி போட்டுக்கட்டும்."

அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குப் பேசத் தெரிந்திருக்கும். என்னைவிட அவர்தான் அதிகமாகப் பயந்துகொண்டிருந்தார் என்று பட்டது, எதற்கு என்று விளங்கவில்லை. நான் கெஞ்சினேன். அவர் மனைவி உள்ளேயிருந்து, "ஒரு தபா போயிட்டு வந்துடேன், அந்தப் பொண்ணு இவ்ளோ கேக்குதே" என்றார். அவர் மறுபடி குந்தி வலையைப் பிரிக்க ஆரம்பித்தார். வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் மூன்று நாள் போனது. எத்தனை தடவை அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அறுநூறு, ஆயிரத்து இருநூறு, முந்நூற்று நாற்பது. ஒவ்வொரு தடவையும் சரியாக வந்தது. ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவை தப்பாக வந்துவிடுமோ என்று பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். எங்களில் யாரிடமும் பேசாமல் கிழக்கு மதகு மேடைமேல் ஏறி நின்றுகொண்டார். அந்த மேடை கரையிலிருந்து தள்ளித் தண்ணீருக்குள் இருக்கும், ஒற்றையாளாகத்தான் நிற்க முடியும். மேற்கு மதகில் பெரியப்பா. மேளம் கிடையாது, யாரும் பேசக் கூடாது என்று தலைவர் கட்டளையிட்டார். திரிகளை மறுபடி ஒரே அளவாக வெட்டினோம்.

முதல் தடவை டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றோம். தலைவரும், நைனாவும், இரண்டு ஊரிலிருந்தும் பத்துப் பேரும். நடுவேட்டு கேட்டது. அடுத்துக் கிழக்கு வெடித்தது. தலைவர் வாய்விட்டு எண்ணினார், மூன்று முடிந்து நான்கு சொல்லும்போது மேற்கு கேட்டது.

"அதான் நாங்க சொன்னம்" என்றார் ஒருவர்.

எல்லோரும் நடுக்கரைக்குப் போனோம். இரண்டாவது தடவை, நடுவேட்டு பக்கத்திலேயே காதைப் பிளந்தது. காத்திருந்தோம். திரி எரிகிற நேரம் அன்றைக்குத் தீரவே மாட்டேன் என்றது. காற்று திரும்பிவிட்டால் என்ன, ஒரு திரி ஈரமாக இருந்தால் என்ன, அவர் வேண்டுமென்றே தாமதித்தால் என்ன என்று வரிசையாகத் தோன்றியது. நைனா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு பக்கத்திலிருந்தும் சேர்ந்து ஒரே சத்தமாக வந்தது. கொஞ்சம் அகலமான ஒரு வேட்டு, அவ்வளவுதான். அதைப் பிரித்து எது முதல் என்று அங்கிருந்த யாராலும் சொல்ல முடியவில்லை.

"இத்தினி வருசமா நடுவுல எவனும் நின்னு கேக்கலியே" என்றார் தலைவர். பிறகு சட்டைப் பையிலிருந்து மதகுச் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீயே கொண்டு போய் குடு. நீதான வாங்கின." முறையையும் பழையபடி பொதுவில் வைப்பதாகச் சொன்னார்.

சாவியோடு கிழக்கு மதகுக்கு வண்டியில் போனேன். அவர் மேடையிலேயே குந்தியிருந்தார். நான் கரையிலிருந்து சாவியைக் காட்டி, "அண்ணா, ரெண்டும் ஒண்ணாதான் வெடிச்சிச்சி, எல்லாரும் கேட்டாங்க" என்று கத்தினேன். அவர் இறங்கி வந்தார். சாவியை வாங்கவில்லை.

"எனக்காவ பொய் சொல்லாதம்மா. இன்னிக்கும் எனுதுதான் முன்ன. ரெண்டு தபாவும். அஞ்சு எண்ற நேரம் கயிச்சிதான் அந்தாண்ட கேட்டுச்சி."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"வருசா வருசம் இப்டிதாம்மா கீது. மேளத்துல மத்தவங்களுக்குக் கேக்காது. நான் மேடமேல நின்னு காத நீட்டிக்கினு கீறேன், எனக்குக் கேக்கும். எப்பவும் எனுதுதான் முன்ன. நான்தான் அவசரப்பட்டு பத்த வெச்சிட்டனோன்னு நெனச்சிக்கினு இருப்பேன். யாராண்டயும் சொன்னதில்ல. ஒரு வருசம் வேணும்னே ரெண்டு எண்ணிட்டு பத்த வெச்சேன். அப்பவும் எனுதுதான் முன்ன கேட்டுச்சி. நீ அன்னிக்கி ஆபீஸ்ல சொன்னப்ப, செரி, இத்தினி வருசம் கயிச்சி மாட்டிக்கினேன்னுதான் நெனச்சேன்."

அவர் அன்று ஏன் வாதாடவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை வருடமாக ஒரு மனிதர் செய்யாத தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு தையிலும் அந்த மேடையில் ஏறி நின்றிருக்கிறார். நான் போய் அதற்குச் சாட்சி சொல்லியிருக்கிறேன்.

ஒரு குச்சியை எடுத்துக் கரை மண்ணில் கோடு கிழித்தேன். இங்கே நீங்கள், அங்கே அவர், நடுவில் நடுவேட்டு. அவருடைய சத்தம் இந்தக் கோடு முழுக்க நடந்து வர வேண்டும், உங்களுடையது உங்கள் காலடியிலேயே இருக்கிறது. அதற்கு ஆகிற நேரம்தான் அந்த அஞ்சு எண்ணிக்கை. வகுப்பில் நான் எதையும் இவ்வளவு நிதானமாகச் சொன்னதில்லை. அவர் குந்தி உட்கார்ந்து, விரலால் அந்தக் கோட்டைக் கிழக்கிலிருந்து மேற்கு வரை ஒருதரம் தொட்டுக்கொண்டே போனார். மேற்குக் கோடியில் விரல் நின்றது.

"அப்ப இங்க நிக்கறவருக்கு?"

"அவருக்கு அவருதுதான் முன்ன கேக்கும். உங்களுது அஞ்சு எண்ணு கயிச்சி."

"எப்பவுமா?"

"எப்பவும்."

அவர் நிமிர்ந்து மேற்கே பார்த்தார். ஊராட்சி அலுவலகத்தில் சுவரோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா எனக்கும் நினைவுக்கு வந்தார். தன் வேட்டுதான் முதலில் வெடித்தது என்று நினைத்துக்கொண்டே, இன்னொருவர் தலையில் பழி விழுவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. இவரும் கோபப்படுவார், படட்டும் என்று காத்திருந்தேன்.

அவர் சாவியை என் கையிலிருந்து வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நீ மொதல்ல அவராண்ட போம்மா" என்றார். "இன்னிக்கும் அவருக்கு அவருது முன்ன கேட்டிருக்கும். மாட்டிக்கினோம்னு அங்க பயந்துகினு ஒக்காந்துனு கீவாரு."

நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு மேற்கு மதகுக்குப் போனேன்.